நடுகல் எழுத்தைப் படம் எடுக்க எந்த எல்.இ.டி. லைட் வாங்கலாம்?

ஏரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் செங்கத்துக்குப் பக்கம். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வேடியப்பன் கோயில் இருக்கு. கோயில்னு பேர்தான், கூரையோ சுவரோ கிடையாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கல் நட்டிருக்கு. அதில் வில் பிடிச்ச ஒரு ஆள், காலடியில் நாய் மாதிரி ஒரு உருவம், தலைக்கு மேலே நாலைந்து வரி எழுத்து. விரலால் தடவினா பள்ளம் தெரியுது. கண்ணால் பார்த்தா வரி எங்கே ஆரம்பிக்குதுன்னே பிடிபடலை.

என் தாத்தாதான் வருஷா வருஷம் ஆடியில் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கிறவர். அவருக்கு 84 வயசு. "அதுல என்ன எழுதியிருக்குன்னு எங்கப்பனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது"ன்னு போன வாரம் சொன்னார். அவர் நல்லா இருக்கும்போதே அதைப் படிச்சுச் சொல்லிடணும்னு மனசுல விழுந்துடுச்சு.

கைப்பேசியில் நாற்பது படம் எடுத்திருப்பேன். பகலில் எடுத்ததெல்லாம் வெறும் பாறையா இருக்கு. ஃபிளாஷ் போட்டா அதைவிட மோசம். அக்கா தையல் கடை வச்சிருக்கா, பிளவுஸ் டிசைனை வீடியோ எடுக்க ஒரு ரிங் லைட் வாங்கியிருந்தா. அதைப் பவர் பேங்கில் மாட்டிக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கல் பளிச்சுன்னு இருந்துச்சு, எழுத்து சுத்தமா காணாமப் போச்சு!

2,000 ரூபாய்க்குள்ள ஒரு சின்ன லைட் வாங்கலாம்னு இருக்கேன். உள்ளங்கை அளவில் 49 எல்.இ.டி. வச்ச பேனல், கலர் மாத்துறது, ஒரே பல்பு வச்சதுன்னு நிறைய கண்ணுல படுது. நிறத்தை எவ்வளவு சரியாக் காட்டும்னு சொல்ற எண்ணாமே, அந்த சி.ஆர்.ஐ. 95ன்னு போட்டதைத்தான் வாங்கணுமா? என்கிட்ட இருக்கறது சாதாரணக் கைப்பேசியும் ஒரு ட்ரைபாடும்தான். தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

மலைக்காத்து எழுதியது:

லைட்டெல்லாம் எதுக்குங்க? எழுத்து மேல சாக்பீஸ் தேய்ச்சு எடுங்க. இல்லைன்னா மைதா மாவைப் பூசித் துடைச்சுடுங்க, பள்ளத்துல மட்டும் வெள்ளையா நிக்கும். எங்க பக்கம் அப்படித்தான் எடுப்பாங்க.

பழைய ஸ்டூடியோ எழுதியது:

தங்கச்சி, சாக்பீஸும் வேண்டாம், மைதாவும் வேண்டாம். மலைக்காத்து நல்ல எண்ணத்துலதான் சொல்றார், பல பேர் அப்படிச் செஞ்சு நானும் பார்த்திருக்கேன். ஆனா தேய்மானம் உள்ள கல்லில் சாக்பீஸால் வரைஞ்சா, அதுக்கப்புறம் படத்தில் வர்றது நீங்க யூகிச்ச எழுத்து. கல்லில் இருக்கிற எழுத்து அதுக்கு அடியில போயிடும். படத்தைப் பார்த்துப் படிக்கிறவருக்கு உங்க யூகத்தைத் தாண்டிப் போக வழியே இருக்காது. மாவு பள்ளத்துல தங்கி எறும்பைக் கூப்பிடும், மழை பட்டா பூஞ்சை பிடிக்கும். கம்பி பிரஷ், தேங்காய் எண்ணெய், எலுமிச்சம்பழம் எதுவும் அந்தக் கல் மேல படக் கூடாது.

நான் திருவண்ணாமலையில் 26 வருஷம் ஸ்டூடியோ வச்சிருந்தவன். கடையை மூடின பிறகு இந்தக் கல் பித்து பிடிச்சுது. 12 வருஷமா வாரக் கடைசியில் இதுதான் வேலை. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ரிங் லைட் ஏன் தோத்துதுன்னா, அது லென்ஸைச் சுத்தி நின்னு நேரா அடிக்குது. முகத்துல நிழல் விழக் கூடாதுன்னே செஞ்ச லைட் அது. கல்வெட்டு எழுத்து கண்ணுக்குத் தெரியறதோ நிழலால. பள்ளத்துக்கும் மேல்பரப்புக்கும் நிறம் ஒண்ணுதான். கைப்பேசி ஃபிளாஷும் லென்ஸ் பக்கத்துலேயே இருக்கறதால அதே கதை. லைட்டைக் கேமராவை விட்டுப் பிரிச்சு, கல்லோட பரப்பை ஒட்டினாப்ல பக்கவாட்டில் இருந்து அடிக்கணும். கணக்குப் போட்டுப் பாருங்க: எழுத்து தேஞ்சு அரை மில்லிமீட்டர் ஆழம்தான் மிச்சம்னு வச்சுக்குவோம். 45 டிகிரியில் வெளிச்சம் விழுந்தா நிழலும் அரை மில்லிமீட்டர்தான். 15 டிகிரிக்குச் சாய்ச்சா கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். 10 டிகிரியில் ஏறக்குறைய 3. லைட்டை இறக்க இறக்க எழுத்து எழுந்து வரும்.

அதனால எதையும் வாங்கறதுக்கு முன்னாடி இன்னைக்கே ஒண்ணு செய்யுங்க. பொழுது சாஞ்சு நல்லா இருட்டினதும் உங்க கைப்பேசியை ட்ரைபாடில் கல்லுக்கு நேரா நிறுத்துங்க. அக்கா கைப்பேசி டார்ச்சை அக்காவையே கல்லோட இடப் பக்க ஓரத்துல இருந்து பிடிக்கச் சொல்லுங்க. முதல் நிமிஷத்துலேயே ரெண்டு மூணு எழுத்து தெரிஞ்சுடும். அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் இன்னும் மலை மலையா ஏறிட்டிருக்கேன்.

பகலில் மட்டும் முயற்சி செய்யாதீங்க. வெளிச்சத்தை லக்ஸ்னு ஒரு அலகுல அளப்பாங்க, நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். கையடக்க லைட்டு ஒரு மீட்டர் தள்ளினா சில நூறு லக்ஸ் தந்தாலே பெரிசு. வெயில்ல அது எரியுதா இல்லையான்னே தெரியாது. காலை, மாலைச் சாய்வு வெயில் தானாவே நல்ல வேலை செய்யும்தான். ஆனா கல் எந்தத் திசை பார்த்திருக்குன்னு இருக்கே. வடக்குப் பார்த்த கல் மேல வருஷத்துல ஆறு மாசம் நேர் வெயிலே படாது. உங்க கல் புளியமர நிழல்ல வேற இருக்கு.

அடுத்து தூரம். எல்லாரும் சறுக்கற இடம் இதுதான், நானும் ரெண்டு வருஷம் சறுக்கினேன். கல் 60 சென்டிமீட்டர் அகலம்னா, லைட்டை ஓரத்துல இருந்து 30 சென்டிமீட்டர்ல பிடிச்சா, இந்த ஓரத்துக்கு 30, அந்த ஓரத்துக்கு 90. மூணு மடங்கு தூரம், அப்போ ஒன்பதுல ஒரு பங்கு வெளிச்சம். இடப் பக்க எழுத்து வெளுத்துப் போகும், வலப் பக்கம் இருட்டுல முழுகும். அதே லைட்டை 2 மீட்டருக்குத் தள்ளுங்க. இந்த ஓரத்துக்கு 2, அந்த ஓரத்துக்கு 2.6. வித்தியாசம் ரெண்டு மடங்குகூட வராது, கல் முழுக்க ஒரே சீரா இருக்கும். வெளிச்சம் குறைஞ்சு போச்சேன்னு பயப்பட வேண்டாம், அதுக்குத்தான் ட்ரைபாட். கைப்பேசியில் 'புரோ' மோடு போட்டு ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1 வினாடி அல்லது 2 வினாடி, 3 வினாடி டைமர். ஃபோகஸை எழுத்து மேல வச்சுப் பூட்டிடுங்க. கல்லுக்கு ஓடிப் போகிற வேலையா? அது எண்ணூறு வருஷமோ ஆயிரம் வருஷமோ அங்கேயே நிக்குது, 2 வினாடி நிக்காதா.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஒரே பக்கத்து வெளிச்சத்தை நம்பவே நம்பாதீங்க.

வெளிச்சம் இடமிருந்து வந்தா நெட்டுக் கோடெல்லாம் நல்லா நிழல் விட்டு நிக்கும். கிடைக் கோடு வெளிச்சத்தோட சேர்ந்து படுத்துக்கும், நிழலே விழாது. ரொம்பப் பழைய தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் 'க'வைக் 'கா' ஆக்குறது தலைப் பக்கம் வலதுல இழுத்த ஒரு சின்னக் கிடைக் கோடுதான். நான் ஆரம்பத்துல ஒரு குகைத்தளத்துல மூணு மணி நேரம் உக்காந்து அழகழகா எடுத்த படம் அத்தனையும் இடப் பக்க வெளிச்சம். அதைப் பார்த்த புலவர் ஒருத்தர் எல்லாத்தையும் குறிலாவே படிச்சுக் கொடுத்தார். அவர் மேல தப்பு இல்லை. நெடில் கோடுகளை என் லைட்டுதான் அழிச்சிருக்கு. மறுபடியும் மலையேறி மேலிருந்து வெளிச்சம் பிடிச்சப்போ மூணு எழுத்துல கோடு முளைச்சுது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஒரு கோடு போனா ஒரு மனுஷன் பேரே மாறிடும் இல்லையா.

அதனால கல்லைக் கடிகார முகமா நினைச்சுக்கோங்க. 12 மணி, ஒண்ணரை, 3, நாலரை, 6, ஏழரை, 9, பத்தரைன்னு எட்டு இடத்துல லைட் நிக்கணும், எட்டுப் படம். கேமரா மட்டும் இம்மியும் நகரக் கூடாது. லைட்டில் 2 மீட்டர் கயிறு ஒண்ணு கட்டி, ஒவ்வொரு தடவையும் கயிறோட முனையைக் கல்லுக்கு முன்னால கொண்டுவந்து தூரம் பார்த்துட்டுக் கயிறை விலக்கிட்டு எடுங்க. அடியில் 6 மணிப் பக்கம் தரை இடிக்கும், முடிஞ்ச அளவு போதும். பள்ளமா, இல்லை கல் பொரிஞ்ச குழியான்னு குழப்பம் வர்ற இடத்துல எட்டையும் வரிசையாப் புரட்டிப் பார்த்தா விடை கிடைச்சுடும்.

இதுல ஒரு எச்சரிக்கை: கீழிருந்து அடிச்ச படத்தைத் தனியா யாருக்கும் அனுப்பிடாதீங்க. வெளிச்சம் மேலிருந்துதான் வரும்னு நம்ம மூளை பழகியிருக்கு. கீழிருந்து வந்தா பள்ளமான எழுத்து புடைச்ச எழுத்தா தெரியும். பத்தரை மணிப் பக்கம், அதாவது இட மேல் மூலையில் இருந்து எடுத்ததை முதல்ல காட்டுங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை வீடியோதான். கேமராவை நிறுத்தி, பதிவை ஓடவிட்டு, ஒருத்தர் லைட்டோட இடப் பக்கத்துல இருந்து மேல் பக்கமா வலப் பக்கம் வரைக்கும் அரை வட்டம் அடிக்கணும். ஒரு அரை நிமிஷம், மெதுவா. பார்த்துட்டே இருக்கும்போது எழுத்து ஒண்ணொண்ணா எழுந்து சாயும். படத்துல பிடிபடாத எழுத்து அசைவுல பிடிபடும். வெளிச்சத்தைக் குறைச்சு வைக்கும்போது சில மலிவு லைட்டு வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியும், வீடியோவில் பட்டை பட்டையா ஓடும். வாங்கும்போதே கைப்பேசி ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும். 1 வினாடி ஷட்டர்ல எடுக்கிற படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

எந்த லைட்டுன்னு கேட்டீங்க. ஒரே புள்ளியில் இருந்து வர்ற வெளிச்சம்தான் கூர்மையான நிழல் தரும். 49 எல்.இ.டி. பேனலைக் கிட்டத்துல பிடிச்சா 49 நிழல் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஓரம் மழுங்கும். 2 மீட்டருக்குத் தள்ளிட்டா அதுவே சின்னப் புள்ளி மாதிரிதான், தாராளமா போதும். மேல போட்டிருக்கிற வெள்ளை மூடியைக் கழட்டிடுங்க. பார்க்க வேண்டியது மூணு. பேட்டரி இறங்க இறங்க வெளிச்சம் இறங்காம இருக்கணும், இல்லைன்னா எட்டுப் படமும் எட்டு விதமா வரும். சார்ஜ் ஏறும்போதே எரியணும், எல்லா லைட்டும் எரியாது. ட்ரைபாட் திருகாணி போடற ஓட்டை இருக்கணும். முன்னும் பின்னும் போகிற ஜூம் டார்ச் வேண்டாம், நடுவுல மட்டும் வட்டமா வெளுக்கும்.

சி.ஆர்.ஐ.க்கு இங்கே காசு கொடுக்காதீங்க. அது எட்டு வெளிர் நிறங்களை வச்சுப் போடற சராசரி. அழுத்தமான சிவப்பு, ஆர் 9ன்னு சொல்றது, அந்தச் சராசரியிலேயே சேராது. உங்க அக்காவுக்கு மெரூன் பட்டும் அரக்குப் பட்டும் சரியாத் தெரிய அது வேணும். விழுப்புரம் பக்கம் கீழ்வாலைப் பாறையில் இருக்கிற செங்காவி ஓவியத்தை எடுக்கவும் வேணும். ஆனா ஓவியத்துக்கு இந்தச் சாய்வு வெளிச்சமே ஆகாது, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில் ரெண்டு லைட்டு வைக்கணும். சாம்பல் கல்லுல வெட்டின எழுத்துக்கு நிறமே வேண்டாம். கறுப்பு வெள்ளைக்கு மாத்திப் பாருங்க, இன்னும் தெளிவா நிக்கும். நிறம் மாத்துற லைட் உங்ககிட்ட வந்தா மஞ்சளா வச்சுக்கோங்க. மழை விட்ட ராத்திரியில வெள்ளை வெளிச்சத்துக்கு வர்ற ஈசல், பூச்சி இதுக்குக் குறைவா வரும்.

கடைசியா அந்த நாய். செங்கம் வட்டாரத்துல பல்லவ ராஜாக்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து நடுகல் நிறைய இருக்கு, எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து, அதாவது வளைஞ்சு வளைஞ்சு வர்ற பழைய தமிழ் எழுத்து. எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனோட 34ஆவது ஆட்சியாண்டு. எருமைகளைக் காத்துச் செத்த வீரனுக்கு எடுத்தது. அவனோட நாய்க்கும் அதில் எழுத்து உண்டு, அதன் பேர் கோவிவன், கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்னதுன்னு. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால ஒரு நாயோட பேரை மறக்கக் கூடாதுன்னு நினைச்ச ஊர்க்காரங்க நீங்க. அதனால தலைக்கு மேல இருக்கிற வரியோட நிறுத்தாம, உங்க கல்லுல நாய் உருவத்தைச் சுத்தியும் எட்டுப் பக்கமும் வெளிச்சம் பிடிச்சுப் பாருங்க.

வைகைக்கரை வாத்தியார் எழுதியது:

ஸ்டூடியோ அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். எங்க தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைச்சுது. ஒண்ணுல 'கூடல் ஊர் ஆகோள்'னு வருது, ஆகோள்னா மாட்டு மந்தையைக் கவர்றது. அதுக்கப்புறம் எங்க பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிட்டுக் கல் தேடிப் போகிற பழக்கம் வந்துச்சு. பிள்ளைகளோட ராத்திரி போக முடியாதே, அதனால பகல்லயே வேலை ஆகணும். ஒண்ணரை அடி முகக்கண்ணாடி ஒண்ணு எடுத்துட்டுப் போவோம். நாலு பிள்ளைங்க கறுப்புக் குடையும் போர்வையுமா பிடிச்சுக் கல்லை நிழலாக்குவாங்க. ஒருத்தர் தள்ளி வெயில்ல நின்னு கண்ணாடியால சூரியனைத் திருப்பிக் கல்லோட ஓரமா விடுவார். அந்த வெளிச்சத்துக்கு ஈடா எந்த எல்.இ.டி.யும் வராது, காசும் கிடையாது. யார் கண்ணுலயும் படாம மட்டும் பார்த்துக்கணும். கோணத்தை நிதானமா பிடிச்சு வைக்கிறதுதான் கஷ்டம், அந்த விஷயத்துல லைட்டுதான் வசதி.

இன்னொண்ணு. கும்பிடற கல்லா இருக்கிறதால பூசாரிகிட்டயும் ஊர்ப் பெரியவங்ககிட்டயும் கேட்டுட்டுச் செய்யுங்க. பெரிய கோயிலுக்குள்ள இருக்கிற கல்வெட்டுன்னா கதை வேற. 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களில் கைப்பேசிக்குத் தடை போடச் சொல்லியிருக்கு. தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கிற இடத்துக்கு ட்ரைபாட், லைட்டோட போறதுக்கு முன்னாடி அனுமதி கேட்டுடணும்.

ஏரிக்கரை எழுதியது:

அண்ணா, வாத்தியார் ஐயா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. பூசாரி எங்க சித்தப்பா முறைதான், சந்தோஷமா சரின்னுட்டார். புதுசா எதுவும் வாங்கலை. அக்கா பழைய டார்ச் லைட் ஒண்ணு வச்சிருந்தா, ஒரே பல்பு, சார்ஜ் போடறது. அதையே 2 மீட்டர் கயிறு கட்டிப் பிடிச்சோம். சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்குப் போனோம். தாத்தாவும் வருவேன்னு அடம் பிடிச்சு வந்து நாற்காலி போட்டு உக்காந்துட்டார்.

முதல்ல இடப் பக்கம் பிடிச்சப்போ மூணு வரி தெரிஞ்சுது. அக்கா அப்படியே மேலே கொண்டுபோனா, நாலாவது வரின்னு ஒண்ணு இருக்கிறதே அப்பத்தான் தெரிஞ்சுது. தாத்தா எந்திரிச்சு வந்துட்டார். எட்டுப் படமும் ஒரு வீடியோவும் போட்டிருக்கேன். நாய்ப் பக்கமும் பார்த்தோம், அங்கே எழுத்து இல்லை, உளி கொத்தின தடம் மட்டும்தான். வலப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு எண்ணெயும் குங்குமமும் படிஞ்சு கன்னங்கரேல்னு இருக்கு, அங்கே வெளிச்சம் பளபளன்னு அடிச்சு ஒண்ணும் தெரியலை. வட்டெழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. யாராவது பாருங்களேன்.

பழைய ஸ்டூடியோ எழுதியது:

பார்த்தேன் தங்கச்சி. வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்தேன். வட்டெழுத்துதான். நான் படிக்கத் தெரிஞ்ச புலவன் இல்லை, பழக்கத்துல சொல்றேன். ரெண்டாவது வரியில் 'யாண்டு' இருக்கு. மூணாவது வரியில் எண்ணெய் படிஞ்ச இடத்துக்கு முன்னால 'தொறு'. தொறுன்னா மாட்டு மந்தை. கடைசி வரி 'பட்டான் கல்'னு முடியுது, செத்தவனோட கல்னு அர்த்தம். மேலிருந்து அடிச்ச படத்துல 'தொறு' கொஞ்சமும் சந்தேகமில்லாம நிக்குது.

அந்தத் 'தொறு'வுக்கு அடுத்த சொல் எண்ணெய்க்கு அடியில இருக்கு. அது 'கொண்ட'ன்னு இருந்தா மந்தையைக் கவர்ந்த சண்டை. 'மீட்டு'ன்னு இருந்தா உங்க வேடியப்பன் மாட்டை மீட்கப் போய் விழுந்தவன். சுரண்டிடாதீங்க. எண்ணெய்ப் பரப்பு வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி கேமராவுக்கே திருப்பி விடுது. லைட்டை இன்னும் இறக்கி 10 டிகிரிக்குக் கொண்டுவந்து, 3 மணிப் பக்கமும் ஒண்ணரைப் பக்கமும் மட்டும் எடுத்துப் பாருங்க. கேமராவுக்குப் போலரைசிங் ஃபில்டர் இருக்கிறவங்க யாராவது கூட வந்தா பளபளப்பைக் கொஞ்சம் வெட்டலாம். என்கிட்ட ஒண்ணு இருக்கு, சொன்னா கொண்டுவர்றேன்.

எட்டுப் படத்தையும் வெட்டாம, திருத்தாம அப்படியே வச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுலயும் லைட் எந்த மணிப் பக்கம்னு எழுதி வைங்க. அடுத்த தடவை கல் ஓரத்துல ஒரு அடி ஸ்கேலையும் வச்சு எடுங்க. மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்க. புதுக் கல்லாயிருந்தா தமிழகத் தொல்லியல் கழகத்தோட 'ஆவணம்' இதழுக்கும் எழுதலாம். முன்னாடியே படிச்ச கல்லான்னும் அவங்க சொல்லிடுவாங்க. 1970கள்ல தொல்லியல் துறை உங்க வட்டாரத்துல நிறையக் கல்லைப் படியெடுத்திருக்கு.

ஏரிக்கரை எழுதியது:

தாத்தாகிட்ட ரெண்டையும் சொன்னேன் அண்ணா. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "மீட்கத்தான் போயிருப்பான், நான் அறுபது வருஷமா பொங்கல் வைக்கிறேன், எனக்குத் தெரியாதா"ன்னார்.

ஆடிக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை சித்தப்பா கல்லுல இருக்கிற எண்ணெயைப் பருத்தித் துணியால ஒத்தி எடுப்பாராம், தேய்க்க மாட்டாராம். அன்னைக்கு ராத்திரி வலப் பக்கம் எடுக்கலாம்னு இருக்கோம். ஃபில்டரோட நீங்களும் வந்துடுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு அக்கா வண்டி எடுத்துட்டு வருவா.